வயலின் வாசித்துவிட்டுத் திருடனைப் பிடி!

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்றால் மோட்டார் கார். காரில் வந்து கொள்ளையடித்துவிட்டுக் காரிலேயே பறந்துவிடுகிற திருடர்களையும் அந்த ஊர் சீக்கிரமே பார்த்துவிட்டது. போலீஸாரிடமும் கார் இருந்தது. ஆனால் கொள்ளை எங்கே நடக்கிறது என்ற செய்தி, ரோந்து சுற்றும் காருக்கு எப்படிப் போய்ச் சேரும்? போலீஸ்காரர் வழியில் எங்காவது காரை நிறுத்தி, டெலிபோனில் ஸ்டேஷனைக் கூப்பிட்டு விசாரித்தால்தான் உண்டு. அவர் விசாரிப்பதற்குள் திருடன் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பான்.

ரேடியோவில் சொன்னால் என்ன என்று டெட்ராய்ட் போலீஸ் இலாகாவுக்குத் தோன்றியது. 1921-ல் சோதனையைத் தொடங்கினார்கள். காரில் கேட்கும் பெட்டியைப் பொருத்திவிடலாம். தலைமை ஆபீஸிலிருந்து பேசும் நிலையத்தையும் கட்டிவிடலாம். எல்லாம் சரி. லைசென்ஸ்?

சர்க்காரிடம் அப்போது போலீஸ் ரேடியோ என்ற இனமே கிடையாது. இருக்கிற இனங்களில் ஒன்றில்தானே மனுவைச் சேர்க்க முடியும்? பாட்டும் பேச்சும் ஒலிபரப்புகிற நிலையங்களின் இனத்தில் சேர்த்துவிட்டார்கள். 'கேஓபி' என்று அடையாளமும் கொடுத்தார்கள். அமெரிக்கக் கொச்சையில் போலீஸ்காரருக்கு 'காப்' என்று பெயர். அந்த மட்டில் பொருத்தம்தான். ஆனால் பொழுதுபோக்கு நிலையம் என்று லைசென்ஸ் வாங்கிய பிறகு பொழுதுபோக்கு நடத்த வேண்டாமா? குறிப்பிட்ட நேரங்களில் சங்கீதம் வைக்க வேண்டும். அதற்கு நடுவே திருட்டுச் செய்தி! போலீஸ் கமிஷனராக இருந்த வில்லியம் ரட்லெட்ஜுக்கு இது பொறுக்கவில்லை. திருடனைப் பிடிக்க ஆள் அனுப்புவதற்கு முன்னால் வயலின் கச்சேரி வைக்க வேண்டுமா என்று அவர் சீறியதாக இன்றும் சொல்லுகிறார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் தாண்டி, 1928 ஏப்ரல் 7-ந் தேதிதான் டெட்ராய்ட் போலீஸ் ரேடியோ ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது. அதுவும் ஒருவழிப் பேச்சு. காரில் இருக்கிறவர் கேட்கலாம். பதில் சொல்ல முடியாது. காரிலிருந்தும் பேசலாம் என்ற இருவழி ஏற்பாடு 1933-ல் நியூ ஜெர்ஸி மாகாணத்து பேயோன் நகரில் வந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும் சர்க்கார் ஆபீஸைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றும். சிரிக்கலாம். ஆனால் வயலின் வாசிக்கச் சொன்ன உத்தியோகஸ்தர் முட்டாள் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் கையில் இருந்த பாரத்தில் எத்தனை கட்டங்கள் இருந்தனவோ, அத்தனை வகை மனிதர்கள்தான் அவருக்கு உலகம். கட்டத்துக்குள் அடங்காத ஒருவர் வந்து நின்றபோது, கட்டத்தை மாற்றுவதைவிட ஆளை மாற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. உலகத்தில் எந்த ஆபீஸிலும் நடக்கிற காரியம் இது.

லைசென்ஸ் எதற்கு?

போலீஸும் தீயணைப்புப் படையும் ஆம்புலன்ஸும் பேசுவதற்கு எதற்காகப் பாரமும் பத்திரமும், ஆபத்துக்கு உதவுகிறவர்களைச் சும்மா விட்டுவிடக் கூடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் அவ்வளவு சுலபம் அல்ல.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். முறை வைக்காவிட்டால் மேல்மடைக்காரர் வயலில் வெள்ளம். கடைமடைக்காரர் வயலில் வெடிப்பு. ரேடியோ அலைவரிசையும் அப்படித்தான். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். இதில் ஒரு வித்தியாசம். வாய்க்காலில் தண்ணீர் வராததைக் கண்ணால் பார்க்கலாம். ரேடியோவில் தன் கூக்குரல் யாருக்கும் கேட்கவில்லை என்பது, எரிகிற வீட்டுக்குள் நிற்கிற தீயணைப்பு வீரருக்குத் தெரியவே தெரியாது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அப்போது அமெரிக்காவில் வயர்லெஸ் வைத்திருந்தவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் இல்லை. கரையில் யார் யாரோ பேசினார்கள். செய்திகள் ஒன்றோடொன்று மோதின. கப்பல் பத்திரமாக இழுத்து வரப்படுகிறது என்ற பொய்ச் செய்தி கூடப் பத்திரிகைகளில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் சட்டம் போட்டது: இனிமேல் ரேடியோ நிலையத்துக்கும் லைசென்ஸ், அதை இயக்குகிறவருக்கும் லைசென்ஸ். ஆகவே லைசென்ஸ் என்பதே வேலையற்ற குமாஸ்தாவின் கற்பனையில் உதித்தது அல்ல. நடுக்கடலில் 1,500 பேர் மாண்ட பிறகு பிறந்தது.

இந்த வேலையை 1934 முதல் பார்த்து வருவது எஃப்.சி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம்.

பாரத்தில் என்ன கேட்கிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் தீயணைப்பு நிலையம் புதிதாக ஓர் அலைவரிசை வேண்டும் என்று நினைத்தால், பாரம் எண் 601-ஐ நிரப்ப வேண்டும். இப்போது காகிதம் இல்லை, கம்ப்யூட்டரில்தான். அதற்கு முன்பே ஆணையத்திடம் ஒரு பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும்.

கோபுரம் நிற்கிற இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கில், விநாடி சுத்தமாகச் சொல்ல வேண்டும். தரை எவ்வளவு உயரம், ஆன்டெனா எவ்வளவு உயரம், எத்தனை வாட் சக்தி, கார்களில் எத்தனை பெட்டி, கையில் எத்தனை பெட்டி, அவை எவ்வளவு தூரச் சுற்றளவில் அலையும் என்றெல்லாம் எழுத வேண்டும். பேச்சின் வகைக்கு ஒரு சங்கேதக் குறி உண்டு. '11கே2எஃப்3இ' என்று எழுதினால் ஒல்லியான அலைவரிசையில் சாதாரணக் குரல் பேச்சு என்று அர்த்தம். பக்கத்து ஊர் தீப்பற்றினால் ஓடுகிற மளிகைக் கடைக்காரருக்கு இது எப்படிப் புரியும்?

மளிகைக் கடைக்காரர் என்று சொன்னது கேலிக்காக அல்ல. அமெரிக்காவின் தீயணைப்புப் படைகளில் பெரும்பாலானவை தொண்டர் படைகள். நகரங்களில் சம்பளத்துக்கு ஆள் உண்டு. கிராமப்புறங்களில் விவசாயியும் பள்ளி ஆசிரியரும் மெக்கானிக்கும்தான் மணி அடித்ததும் ஓடி வருகிறவர்கள். அவர்களில் ஒருவர்தான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து இந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும்.

அதோடு முடியவில்லை. நேரே ஆணையத்துக்கு அனுப்ப முடியாது. நடுவில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1935-ல் தோன்றிய ஏப்கோ என்ற பொதுப் பாதுகாப்பு ரேடியோக்காரர்களின் சங்கம் இவற்றில் ஒன்று; இன்னும் சில உண்டு. கேட்கிற அலைவரிசை பக்கத்து ஊர்க்காரர் பேச்சைக் கெடுக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்து, இவர்கள் சிபார்சு செய்தால்தான் மனு மேலே போகும். சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

கோபுரம் 200 அடிக்கு மேல் போனால் விமான இலாகாவுக்குச் சொல்ல வேண்டும். கனடா எல்லைப் பக்கம் இருந்தால் கனடாவின் சம்மதம் கேட்க வேண்டும். அந்த டெட்ராய்ட் நகரமே ஆற்றுக்கு இக்கரை, அக்கரை கனடா. மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்ற இடத்தில் நட்சத்திரங்களின் ரேடியோ ஒலியைக் கேட்கிற தொலைநோக்கி நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றி 1958-லிருந்து 13,000 சதுர மைல் 'நிசப்த மண்டலம்'. அங்கே புதிதாகக் கோபுரம் எழுப்ப நினைக்கிறவர், வான சாஸ்திரிகளையும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்!

இத்தனை கேள்விகளில் அநியாயமான கேள்வி எது? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அநேகமாக எதையும் கழிக்க முடியவில்லை. கோபுரம் எங்கே நிற்கிறது என்று சொல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரரை எப்படிக் காப்பாற்றுவது? உயரம் சொல்லாவிட்டால் அலை எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்குத் தெரியும்? தனித்தனியே ஒவ்வொரு கேள்வியும் நியாயம்; மொத்தமாகச் சேர்ந்தால் ஒரு தொண்டரின் தலைமேல் சுமை. குறை கேள்வியில் இல்லை. பெரிய நகரத்தின் ரேடியோ என்ஜினீயருக்கும் கிராமத்து மெக்கானிக்குக்கும் ஒரே பாரத்தை நீட்டுவதில் இருக்கிறது.

தாளைக் குறைக்கத் தாள்

இந்தச் சுமை அமெரிக்க சர்க்காருக்குத் தெரியாமல் இல்லை. 1980 டிசம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் 'காகித வேலைக் குறைப்புச் சட்டம்' என்ற ஒன்றில் கையெழுத்திட்டார். 1995-ல் அதைப் புதுப்பித்தார்கள். எந்த இலாகாவாக இருந்தாலும், பத்துப் பேரிடமோ அதற்கு மேலோ ஒரே கேள்வியைக் கேட்க வேண்டுமானால், வெள்ளை மாளிகையைச் சேர்ந்த நிர்வாக, வரவு செலவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் பாரத்துக்கு ஓர் எண் தருவார்கள். அந்த எண்ணுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம்தான் ஆயுள்.

அனுமதி வாங்குகிற விதம்தான் வேடிக்கை. 'இந்தப் பாரம் தேவையா? இதை நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகிறது? சுமையைக் குறைக்க வழி உண்டா?' என்று சர்க்கார் கெஜட்டில் அறிவித்து, 60 நாள் ஜனங்களின் அபிப்பிராயத்துக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு மறுபடியும் அறிவித்து இன்னும் 30 நாள். மூன்று வருஷம் கழிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. தாளைக் குறைப்பதற்காக எழுந்த தாளை அடுக்கி வைத்தால் அதற்கே ஓர் அலமாரி வேண்டும். போலீஸ் ரேடியோ பற்றிய அறிவிப்பை எந்தத் தீயணைப்புத் தொண்டர் கெஜட்டில் தேடிப் படித்துப் பதில் எழுதப் போகிறார்? நேரம் இருக்கிறவர்கள் பதில் எழுதுவார்கள். நேரமில்லை என்பதுதான் குறை என்று இருக்கிறவர் எழுத மாட்டார்.

மணிக்கணக்கு விஷயமும் அப்படியே. பாரத்தை நிரப்ப இத்தனை மணி என்று கணக்குச் சொல்லுகிறவர், அந்தப் பாரத்தைத் தினமும் பார்க்கிறவர். நிரப்புகிறவரோ பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதன் முகத்தில் விழிக்கிறவர். சமையற்காரரும் முதல் தடவை அடுப்பு மூட்டுகிறவரும் ஒரே நேரத்தில் சாம்பார் வைத்துவிடுவார்களா?

ஆனாலும் இந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்து பாராட்டத் தகுந்தது. செல்லத்தக்க அனுமதி எண் இல்லாத பாரத்தை நிரப்பவில்லை என்பதற்காக எந்தப் பிரஜையையும் தண்டிக்க முடியாது. கேள்வி கேட்கிற அதிகாரிக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்லுகிறதென்றால், அது சாமான்ய விஷயம் அல்ல.

காகிதத்தைவிடக் கொடியது

பாரம் நிரப்புவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அதைவிடப் பெரிய வியாதி கண்ணில் படாமல் போய்விடும். அதற்குப் பெயர் தாமதம்.

1997-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 24 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பொதுப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. போலீஸும் தீயணைப்புப் படையும் ஒரே இடத்தில் பேச இடம் கிடைத்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே டெலிவிஷன் குடியிருந்தது. 63, 64, 68, 69 என்ற நான்கு சானல்கள். டிஜிட்டல் டெலிவிஷனுக்கு மாறியதும் அவர்கள் காலி செய்வார்கள் என்று ஏற்பாடு. எப்போது என்பதுதான் தெரியவில்லை. வீட்டைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, 'உள்ளே இருக்கிற குடித்தனக்காரர் எப்போது போகிறாரோ அப்போது வா' என்று சொல்லுவதுபோல!

2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது அந்த 24 மெகாஹெர்ட்ஸும் தாளில்தான் இருந்தது. முதலில் தெற்குக் கோபுரம் விழுந்தது. வானத்தில் போலீஸ் ஹெலிகாப்டர்கள் சுற்றின. வடக்குக் கோபுரத்தின் நிலைமை மோசமாகிறது என்று அவை எச்சரித்தன. போலீஸார் தங்கள் ரேடியோவில் கேட்டார்கள். தீயணைப்புப் படையாரின் ரேடியோ வேறு. அந்த எச்சரிக்கை அவர்களுடைய தலைவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

புதிய அலைவரிசை கையில் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லுவது நேர்மையாகாது. இரண்டு இலாகாக்களுக்கும் ஒருவரோடொருவர் பேசும் பழக்கமே குறைவு. நெரிசலில் ஒரே படைக்குள்ளும் பல பேச்சுகள் கேட்கவில்லை. அந்த நோய்க்கு அலைவரிசை மட்டும் மருந்தாகாது. ஆனால் விசாரணைக் கமிஷன் 2004-ல் அறிக்கை கொடுத்தபோது, பொதுப் பாதுகாப்புக்கு அலைவரிசையைச் சீக்கிரம் கொடுங்கள் என்று சிபார்சு செய்தது. அதன் பிறகும் டெலிவிஷன் நிலையங்கள் இடத்தைக் காலி செய்தது 2009 ஜூன் 12-ந் தேதி. முதலில் பிப்ரவரி 17 என்று நாள் குறித்துப் பிறகு தள்ளிப் போட்டார்கள். சட்டம் வந்து பன்னிரண்டு வருஷம்!

800 மெகாஹெர்ட்ஸ் கதையும் இதற்கு இளைத்ததல்ல. நெக்ஸ்டெல் என்ற செல்போன் கம்பெனியின் கோபுரங்கள் பக்கத்திலேயே இருந்த போலீஸ் பேச்சைக் கெடுத்தன. இரு சாராரையும் பிரித்து உட்கார வைக்க ஆணையம் 2004-ல் உத்தரவிட்டது. 36 மாதத்தில் முடியும் என்றார்கள். 2021-ல் முடிந்தது.

கேட்காமல் விட்டதன் விலை

பாரமே வேண்டாம், கேள்வியே வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பரீட்சையையும் அமெரிக்கா பார்த்துவிட்டது.

2002-ல் 4.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 50 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பொதுப் பாதுகாப்புக்கென்று ஆணையம் ஒதுக்கியது. காமிராப் படங்கள், வரைபடங்கள் முதலியவற்றை அனுப்ப உதவும் என்பது எண்ணம். இந்தத் தடவை சுமை இருக்கக் கூடாது என்று தாராளமாக விதி செய்தார்கள். ஒரு நகரமோ கவுண்டியோ ஒரே ஒரு லைசென்ஸ் வாங்கினால் போதும். தன் எல்லைக்குள் 50 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நிரந்தரமாக நிறுத்துகிற சில இணைப்புகளுக்கு மட்டும் தனி லைசென்ஸ். மற்றபடி எங்கே என்ன நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

என்ன ஆயிற்று? யார் எங்கே எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று யாருக்குமே தெரியவில்லை. பக்கத்துக் கவுண்டி தன் பேச்சைக் கெடுக்குமோ என்று பயந்தவர்கள் பணம் போட்டுச் சாமான் வாங்கத் தயங்கினார்கள். வாங்குகிறவர் குறைவானதால் சாமானின் விலை இறங்கவில்லை. அலைவரிசையின் பெரும்பகுதி சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற நிலத்தின்மேல் மற்றவர் கண் விழத்தானே செய்யும்? மாகாணங்கள் விரும்பினால் அதை மற்றவர்களுக்குக் குத்தகைக்கு விடலாம் என்று 2020-ல் ஆணையம் முடிவு செய்தது. போலீஸ், தீயணைப்பு அமைப்புகள் கொதித்து எழுந்தன. அடுத்த ஆண்டே அந்த முடிவு ரத்தாயிற்று.

பிறகுதான் பழைய கேள்விகள் திரும்பி வந்தன. கோபுரம் எங்கே, ஆன்டெனா எந்தத் திசை, எவ்வளவு சக்தி என்பதையெல்லாம் லைசென்ஸ்காரர்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியில் தீர்மானித்தார்கள். 2024 அக்டோபரில், நாடு முழுவதற்கும் ஒரே மேலாளர் என்ற திட்டத்தோடு அது மறுபடியும் உறுதியாயிற்று. 2002-ல் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால், கோபுரம் நடுகிற அன்று இரண்டு வரி எழுதினால் தீர்ந்திருக்கும். இருபது வருஷம் கழித்து, அதை நட்டவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, எங்கே எந்தப் பெட்டி இருக்கிறது என்று ஏணி போட்டு ஏறித் தேட வேண்டியிருக்கிறது.

அன்று சுமையைக் குறைத்ததாக நினைத்தார்கள். குறையவில்லை, வட்டியோடு வளர்ந்தது. பக்கத்து நிலையத்தைக் காப்பாற்றுகிற கேள்வியை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். அந்தக் காப்பில் சம்பந்தப்படாத கேள்வியைக் கேட்கவே கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வேலையைத் தொண்டர் தலையில் கட்டாமல் ஆணையமே செய்ய வேண்டும். சின்ன ஊர்களுக்காக மாகாண சர்க்கார் ஒரு ரேடியோ என்ஜினீயரை அனுப்பிப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

சில மாகாணங்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. மிச்சிகனில் மாகாணம் முழுவதற்கும் ஒரே ரேடியோ அமைப்பு இருக்கிறது. உள்ளூர்ப் படைகள் அதில் சேர்ந்துகொள்ளலாம். அலைவரிசை லைசென்ஸ் கவலை மாகாணத்துக்கு. நல்ல வழிதான். ஆனால் அதில் சேருவதற்கான டிஜிட்டல் கைப்பெட்டி ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர். கேக்கும் பலகாரமும் செய்து விற்று நிதி திரட்டுகிற தொண்டர் படைக்கு அது எட்டாக் கனி. ஆகவே பழைய பெட்டிகளோடும் பழைய லைசென்ஸோடும் பல ஊர்கள் தனியே நிற்கின்றன.

அந்த லைசென்ஸுக்கு ஆயுள் பத்து வருஷம். காலாவதியாவதற்கு 90 நாள் முன்னாலிருந்து புதுப்பிக்கலாம். நினைவூட்டு அறிவிப்பு, பதிவேட்டில் இருக்கிற முகவரிக்குப் போகிறது. பத்து வருஷத்துக்கு முன் காரியதரிசியாக இருந்தவரின் முகவரி அது. அவர் ஊரை விட்டே போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். லைசென்ஸ் தீர்ந்த மறுநாள் காலையிலும் ரேடியோ பெட்டி எப்போதும் போலவே பேசும். ஒரு விளக்கும் சிவப்பாக எரியாது. அந்த அலைவரிசையின் மேல் அந்த ஊருக்கு இருந்த உரிமை மட்டும் போய்விட்டிருக்கும். அதே அலைவரிசையை வேறொருவர் கேட்டு மனுப் போடலாம்.